ஃபீஸ் தள்ளுபடி, செலவு தள்ளுபடி இல்லை: உதவித்தொகையில் தனியார் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உதவித்தொகையில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ இடம் கிடைத்தால் வீட்டில் முதலில் வரும் பேச்சு, "இனி நாலு வருஷம் ஒத்தப் பைசா செலவில்லை" என்பதுதான். உதவித்தொகை பெரும்பாலும் ஃபீஸை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஃபீஸ் ரசீதில் வராத செலவு என்று ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கும். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், யார் எந்த பிளாக்கில் தங்குகிறார்கள், டூருக்கு யார் வருகிறார்கள், யார் "ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டல் அறையிலேயே படுத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த இரண்டாவது செலவு. ஏற்றத்தாழ்வு என்று கட்டுரைகளில் எழுதுவது வளாகத்தில் இப்படித்தான் தெரியும்.

ஜூன், ஜூலையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். அப்போது அவர்கள் கேட்பதும், அடுத்த வருடம் வந்து "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்று சொல்வதும் சேர்ந்ததுதான் இது. அரசுப் பள்ளியில், அதிலும் தமிழ் வழியில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் உள்ள தனியார் நிறுவனத்துக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. உங்களுக்கு வருவது எந்தப் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஸ்காலர்ஷிப்" என்ற ஒரே பேரில் நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று தெரியாமல் சேர்ந்தால் முதல் வருடமே இடிக்கும்.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிக் கல்லூரி ஒரு வகை. நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ('டீம்டு யுனிவர்சிட்டி') தனியார் பல்கலைக்கழகமும் வேறு வகை. வெளியிலிருந்து பார்த்தால் அதே கண்ணாடிக் கட்டடம், அதே மஞ்சள் பஸ். உதவித்தொகையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை உண்டு. கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பொறியியல் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. அதனால், "ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் இருக்கா? அப்ப இங்கயும் ஃபீஸ் குறையும்" என்று ஏஜென்ட் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.

நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது பெரும்பாலும் நிறுவனமே தரும் உதவி. விஐடி 2008இலிருந்து நடத்தும் 'ஸ்டார்ஸ்' திட்டம் இந்த வகை: மாவட்டத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று அரசுப் பள்ளியில் முன்னணியில் வந்தவர்களை எடுத்துப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். எல்லா இடத்திலும் இப்படி முழுமையாக இருக்காது. நுழைவுத் தேர்வு ரேங்குக்கு 25 சதவீதத் தள்ளுபடி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதத் தள்ளுபடி என்ற மாதிரிதான் அதிகம். லட்சக்கணக்கான ஃபீஸில் பாதி போனாலும் மிச்சம் லட்சத்தில்தான் நிற்கும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது சேர்க்கை வகை. கடிதத்தில் 'மேனேஜ்மென்ட் கோட்டா' (கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம்) என்று இருந்தால் இந்தப் பணம் வராது. பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன், மேனேஜ்மென்ட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆஃபீஸில் சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் நாலு வருடப் பணம் போய்விடும்.

இவை போக, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022 செப்டம்பரிலிருந்து), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்டிலிருந்து) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இதைக் கைச்செலவுப் பணமாக நினைக்காமல் இரண்டாவது செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

2. கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்

உதவித்தொகைக் கடிதத்தின் முதல் பத்தி வாழ்த்து. விஷயம் இரண்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். தேட வேண்டியவை இவை: எத்தனை வருடத்துக்கு (சில கடிதங்கள் முதல் ஆண்டுக்கு மட்டும்தான் இருக்கும்), விடுதியும் மெஸ்ஸும் சேருமா, காஷன் டெபாசிட், தேர்வுக் கட்டணம், பஸ், யூனிஃபார்ம் யார் கணக்கு, சிஜிபிஏ (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி) எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள், ஒரு அரியர் (தேர்ச்சி பெறாத பாடம்) வந்தால் என்ன ஆகும், பாதியில் விலகினால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா.

இந்தக் கேள்விகளை வாயால் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வந்தால் பிரின்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். வாயால் வாக்குக் கொடுத்தவர் இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

3. காகித வேலையை மே மாதமே முடியுங்கள்

கெடு தேதி ஏழைக்கென்று நீளாது. 2024இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்கு ஐஐடி தன்பாத்தில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். பணத்தைத் திரட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது, இடம் போய்விட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் திரும்ப வாங்கினார். எல்லோராலும் டெல்லி வரை போக முடியாது.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஒரு வருடம்தான் செல்லும், ஒவ்வொரு வருடமும் புதிது வேண்டும். சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் ஒரு முறை வாங்கினால் போதும். இந்த மூன்றும் கையில் வந்ததும் பெயரைப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லை, அப்பா பெயர் ஒன்றில் 'முருகேசன்', இன்னொன்றில் 'முருகேஷ்' என்று இருக்கும். நம் ஊரில் உதவித்தொகை நிற்பதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது. ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்றபடி மாற்றிவிடுவது சுலபம்.

அடுத்து வங்கிக் கணக்கு. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் அந்தக் கணக்குக்கே வரும்படி இணைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது இணைப்பு ஒரு நேரத்தில் ஒரே வங்கிக்குத்தான் இருக்கும். கல்லூரி வளாகத்தில் உள்ள வங்கியில் புதுக் கணக்கு திறந்தால் இணைப்பு அங்கே மாறியிருக்கலாம். நீங்கள் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு பணம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். பள்ளியில் திறந்த மைனர் கணக்காக இருந்தால், 18 வயது முடிந்ததும் வங்கிக்குப் போய் மேஜராக மாற்றுங்கள். கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் யூமிஸ் தளத்தில் உங்கள் பெயரை ஏற்றி எண் வாங்கினார்களா என்றும் கேளுங்கள். மாநில அரசின் உதவிகளுக்கு அந்த எண் இல்லாமல் ஒன்றும் நகராது.

போஸ்ட் மெட்ரிக் பணம் இப்போது மாணவரின் கணக்குக்கே வருகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருடம் பாதி தாண்டி ஒரு நாள், வீட்டில் வட்டிக்காரர் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து, கணக்கில் பெரிய தொகை விழும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் என்று அப்பா அம்மாவிடம் முன்பே பேசி வையுங்கள். பிறகு பேசினால் சண்டைதான். அந்த உதவித்தொகையின் விதிமுறையில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்றொரு ஏற்பாடும் இருக்கிறது. சேரும்போதே கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கானது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

4. இரண்டாவது செலவுக்குக் கணக்குப் போடுங்கள்

முதல் வாரம்: யூனிஃபார்ம், ஷூ, லேப் கோட், டிராஃப்டர், பெட், பக்கெட். முதல் மாதம்: டிபார்ட்மென்ட் அசோசியேஷன் சந்தா, ஃப்ரெஷர்ஸ் டே காசு. அப்புறம் லேப்டாப், ஐ.வி. (தொழிற்சாலையைப் பார்க்கப் போவது) என்ற பெயரில் டூர், சிம்போசியம், ரெக்கார்ட் நோட், ஜெராக்ஸ். கடைசி வருடம் பிளேஸ்மென்ட்டுக்குப் பிளேசர். இவற்றில் பெரும்பாலானவை உதவித்தொகைக் கடிதத்தில் இருக்காது.

இதில் பாதியைப் பழையதாக வாங்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் இறுதியாண்டு மாணவர்கள் டிராஃப்டரையும் புத்தகத்தையும் வந்த விலைக்குத் தள்ளுவார்கள். ஐ.வி. கட்டாயமா என்று துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கோவா போய்வருவதற்கும் பாடத்திட்டத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. லேப்டாப் இல்லாவிட்டால் அதை மென்டாரிடம் முதல் வாரமே சொல்லிவிடுவது நல்லது. நூலகத்துக் கணினியில் எத்தனை மணி வரை இருக்கலாம் என்று தெரிந்துகொண்டு வேலையை ஓட்டலாம்.

எதிர்பாராத தொகை வரும்போது போன் லோன் ஆப் பக்கம் போகவே கூடாது. கல்விக் கடன் ஃபீஸுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். விடுதி, மெஸ், புத்தகம், கணினி ஆகியவற்றுக்கும் கேட்கலாம். 4 லட்சம் வரை அடமானம் தேவையில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்விப் படிப்பாகவும் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கிளை மேலாளர் சலித்துக்கொள்வார். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு அந்த எண்ணோடு போனால் கொஞ்சம் குறைவாகச் சலித்துக்கொள்வார்.

5. ஹாஸ்டலும் நட்பும்

பல வளாகங்களில் விடுதியே பணத்தைப் பார்த்துப் பிரிக்கிறது. ஏ.சி., அறைக்குள்ளேயே குளியலறை, இரண்டு பேர் என்றால் ஒரு விலை. மின்விசிறி, பொதுக் குளியலறை, நாலு அல்லது ஆறு பேர் என்றால் ஒரு விலை. உதவித்தொகைப் பிள்ளைகள் இயல்பாகவே இரண்டாவதில் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால் மாலை ஆறு மணிக்குமேல் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அசைன்மென்ட் யாரோடு செய்கிறார்கள், ஹேக்கத்தானுக்கு டீம் எப்படி அமைகிறது, இன்டர்ன்ஷிப் தகவல் யார் காதுக்கு முதலில் போகிறது எல்லாம் இந்த பிளாக் கணக்கில்தான் நடக்கும். பணக்காரப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்தை இப்படிக் கட்டிவிட்டு, பிள்ளைகள் தாங்களாகவே கலந்து பழகிக்கொள்ளட்டும் என்று எதிர்பார்ப்பது நிர்வாகத்தின் கோளாறு.

உங்களால் செய்ய முடிந்தது: படிக்கும் இடத்தை அறையிலிருந்து நூலகத்துக்கு மாற்றுங்கள். என்எஸ்எஸ், தமிழ் மன்றம், ஏதாவது ஒரு விளையாட்டு, டெக் கிளப் இவற்றில் ஒன்றில் சேருங்கள். காசு இல்லாமல் எல்லோரும் கலக்கும் இடங்கள் வளாகத்தில் இவ்வளவுதான்.

முதல் நாளிலேயே "எந்த ஸ்கூல்?", "கட்-ஆஃப் எவ்வளவு?", "எந்த ஏரியா?" என்று மூன்று கேள்விகள் வரும். சிலர் சும்மா கேட்பார்கள். சிலருக்கு அதிலிருந்து சாதியும் வசதியும் தெரிய வேண்டும். பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. "நம்ம ஊர் கவர்ன்மென்ட் ஸ்கூல்தான்பா, நீ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அரசுப் பள்ளியை மறைக்க ஆரம்பித்தால் அதற்கொரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் என்று நாலு வருடம் இழுக்கும்.

காசு விஷயம் இன்னும் நுணுக்கமானது. பிறந்தநாள் டிரீட் என்று ஏழு பேர் வெளியே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் 4,200. யாரோ ஒருவர் கட்டிவிட்டு, ஜிபே-யில் தலைக்கு 600 என்று பிரித்து அனுப்புவார். நீங்கள் சாப்பிட்டது ஒரு ஃபிரைட் ரைஸ். அரசு தரும் மாத ஆயிரத்தில் அன்றைக்கே அறுநூறு காலி. மறுநாள் போய் எனக்கு வசதியில்லை என்று சொல்வது எல்லோருக்கும் சங்கடம். கிளம்பும் முன்பே, சாதாரணமாக, "நான் கேக் வெட்ட இருக்கேன், ஹோட்டலுக்கு வரலடா, இந்த மாசம் டைட்" என்று சொல்லிவிடுங்கள். 'டைட்' என்ற வார்த்தையை வசதியுள்ளவர்களும் சொல்வதால் யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். இரண்டு முறை இப்படிச் சொல்லியும் தொடர்ந்து கூடவே இருப்பவர்கள் உங்கள் நண்பர்கள். அப்புறம், உங்கள் செலவையும் சேர்த்துக் கட்டிவிட்டு அதை நாலு பேர் நடுவில் சொல்லிக் காட்டுகிற ஆள் எல்லா வகுப்பிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் டீகூட வாங்கிக் குடிக்க வேண்டாம்.

6. முதல் செமஸ்டரில் அரியர் விழாமல் பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் முக்கியமானது இதுதான். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் தடுமாறுவது பாடத்தால் இல்லை. வகையிடலும் தொகையிடலும் பள்ளியில் போட்டுப் பழகியவைதான்; அவை வேறு பெயரில், வேகமான ஆங்கிலத்தில் வரும்போது பழைய ஆள் என்று அடையாளம் தெரிவதில்லை. அதற்குள் முதல் இன்டர்னல் முடிந்துவிடும். மதிப்பெண் குறையும், அரியர் விழும், உதவித்தொகை நிபந்தனை மீறப்படும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தது ஃபீஸில் வந்து முடிகிறது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பைக் கோடை விடுமுறையிலேயே எடுத்துவிடுங்கள். பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்ப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் கலைச்சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாடத்தையே படிப்பதால் வேகமாகப் போகும்.

வகுப்பில் பீட்டர் விடுகிறவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். சரளமாகப் பேசுபவருக்கு எல்லாம் தெரியும் என்பது முதல் தேர்வு முடிவு வரும்வரை நீடிக்கும் நம்பிக்கை. சந்தேகத்தை ஆசிரியரிடம் வகுப்பு முடிந்ததும் தமிழில் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தமிழிலேயே சொல்லித் தருவார்கள். தேர்வு மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். அட்டெண்டன்ஸை 75 சதவீதத்துக்குக் கீழே விடக் கூடாது. விவசாய வேலைக்கோ வீட்டு விசேஷத்துக்கோ அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

7. ஆஃபீஸில் பேசும் முறை

அரசுப் பணம் தாமதமாகும். கல்லூரி பாக்கிப் பட்டியல் போடும். வகுப்புக்கு நடுவே ஆள் வந்து, "ஸ்காலர்ஷிப் ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் எழுந்து ஆஃபீஸுக்கு வாங்க" என்று கூப்பிடும். எழுந்து நிற்கும் ஐந்தாறு பேரை மற்ற ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு குறுஞ்செய்தியில் முடிகிற வேலை. இதை நிறுத்தச் சொல்லி வகுப்பு ஆசிரியரிடம் நாலு பேர் சேர்ந்து கேட்டால், பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். அது உறுத்தும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

ஆஃபீஸில் கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, இப்போதைய நிலை காட்டும் பக்கத்தின் பிரின்ட், "உதவித்தொகை வந்ததும் செலுத்துகிறேன், அதுவரை அவகாசமும் அபராத விலக்கும் வேண்டும்" என்று ஒரு பக்கக் கடிதம். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு கையெழுத்தோ சீலோ வாங்குங்கள். ஹால் டிக்கெட் நிறுத்தப்படும் நேரத்தில் இந்த ஒரு தாள்தான் பேசும். ஏற்கெனவே கட்டிய எந்தப் பணத்துக்கும் ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்து வரச் சொன்னால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். போனில் பேசலாமா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

8. அவமானப்படுத்தினால்

"கோட்டா", "ஓசி சீட்" போன்ற கிண்டலைச் சகித்துக்கொள்வது பெருந்தன்மை கிடையாது. என்ன சொன்னார்கள், யார் இருந்தார்கள், என்றைக்கு என்று அன்றே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் என்றால் ஸ்கிரீன்ஷாட்.

ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023ஆம் ஆண்டு விதி. உதவித்தொகைத் தாமதம், விவரக் கையேட்டில் இல்லாத கட்டணம், பாகுபாடு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகலாம். 15 வேலை நாட்களில் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. சாதி சார்ந்த பாகுபாட்டைக் கேட்பதற்கு சம வாய்ப்புப் பிரிவும் தனி அதிகாரியும் வேண்டும் என்று யுஜிசியின் 2012 விதிகள் சொல்கின்றன. கல்லூரி இணையதளத்தில் இவர்களின் பெயர் இருக்கும். தேவைப்படும் முன்பே குறித்து வையுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522. சாதி வன்கொடுமைக்கு 14566. மனசு ரொம்ப அழுத்தமாக இருந்தால் 14416, தமிழிலேயே பேசலாம்.

தனியாகப் போவதைவிட நாலு பேராகப் போவது நல்லது. ஒவ்வொரு வருடமும் உதவித்தொகையில் சேருபவர்கள் தங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டால், சீனியர் சொல்லும் ஒரு வரியில் பாதி அலைச்சல் மிச்சமாகும்: எந்த கவுன்ட்டர், எந்தக் கிளார்க், எந்தத் தேதி.

9. ஒவ்வொரு வருடமும், கடைசி வருடமும்

உதவித்தொகை தானாகத் தொடராது. புதுப்பிக்க வேண்டும், தேதியை ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள். பிளேஸ்மென்ட் பேச்சு மூன்றாம் வருடம் ஆரம்பிக்கும்போதே பிளேசரைச் சீனியரிடம் சொல்லி வைத்தால் வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்துவிடும். நேர்முகத் தேர்வு ஆங்கிலத்துக்கு வெளியே காசு கட்டிப் பயிற்சி சேரும் முன், கல்லூரியிலேயே நடக்கும் 'நான் முதல்வன்' (மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டம்) வகுப்புகளைப் பாருங்கள், அவை இலவசம்.

படிப்பு முடிந்ததும் "அரசிடமிருந்து கடைசித் தவணை வரவில்லை, நீ கட்டு, சர்டிஃபிகேட் அப்புறம்" என்று சிலர் சொல்லலாம். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் மேலே சொன்ன குறைதீர்க் குழுவிடம் போகக்கூடிய புகார்தான். ரசீதுகள், சீல் போட்ட கடித நகல்கள், யூமிஸ் எண் எல்லாம் உள்ள அந்த ஃபைலோடு போய், முதலில் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் குழுவுக்கு.